வரப்புக் கீழாநெல்லியும் வீட்டு மஞ்சள் காமாலையும்

நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் போனால், தென்னந்தோப்பு வட்டப்பாத்தியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கீழாநெல்லி தானாக முளைத்து நிற்கும். களை என்று கொத்திப் போடுவோம். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால் அதே செடியைத் தேடி ஓடுவோம். அப்படி ஓடுகிற அவசரத்தில் நான் செய்த தப்பும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

முதலில் செடியைச் சரியாகத் தெரிந்துகொள்ளணும். கீழாநெல்லி முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். பக்கக் கிளையில் இலைகள் இரண்டு வரிசையாக, நெல்லி இலை மாதிரி அடுக்கியிருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைக்குக் கீழே சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பேர் வந்ததே அதனால்தான். காய் வழவழன்னு இருக்கும், குட்டியாக ஒரு காம்பும் இருக்கும். இதற்கு ஒரு பங்காளி உண்டு. தண்டு செம்மை ஓடியிருக்கும், காய் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும், தடவினால் சொரசொரக்கும். அது சிவப்புக் கீழாநெல்லி. மேலாநெல்லி இன்னொரு செடி. அதில் இலை இரண்டு வரிசையாக அடுக்காமல் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் விட்டிருக்கும். மூன்றுமே மருந்துக்கு ஆகிற செடிதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. பொடியாக அரைத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் எது எதுன்னு யாராலும் பிரிக்க முடியாது. நம்ம காட்டில் வேரோடு பிடுங்கி, கண்ணால் பார்த்து எடுப்பதற்கு இணையில்லை.

பிடுங்குகிற இடமும் முக்கியம்ங்க. களைக்கொல்லி அடித்த வரப்பிலும் அடுத்த மழைக்கு இது பச்சைப்பசேல்னு வரும். சாக்கடை ஓரத்திலும் செழிப்பாக நிற்கும். மருந்தாகக் கொடுக்கப்போகிற செடியை அங்கிருந்து எடுக்கக் கூடாது. கரிசலாங்கண்ணிக்கும் இதே கதைதான். வள்ளலார் போற்றிய கீரை என்று ஆசையாகத் தேடுகிறோம், அது கொழுத்து நிற்பதோ ஊர்க் கழிவுநீர் ஓடுகிற வாய்க்காலில். இன்னொன்று, பூங்காவிலும் வீட்டு முகப்பிலும் தரையை மூடிப் படர்கிற மஞ்சள் பூக்கொடியை மஞ்சள் கரிசாலை என்று பறித்துக் கடைகிறவர்கள் இருக்கிறார்கள். அது அழகுக்கு வைத்த வெளிநாட்டுக் கொடி. இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அதுதான்னு விட்டுவிடுங்க.

இனி நோய்க்கு வருவோம். மஞ்சள் காமாலை ஒரு நோயின் பேரல்ல, அது ஓர் அடையாளம். உடம்பில் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் வருவதே அதனால்தான். அணுக்கள் அளவுக்கு மீறி உடைந்தாலும், கல்லீரல் வீங்கினாலும், பித்தக்குழாய் அடைத்தாலும் கண் மஞ்சளாகத்தான் தெரியும். வெளியே பார்க்கிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான்.

எங்க பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானபோது, கீழாநெல்லி பிடுங்கி அரைத்துக் கொடுத்தவன் நான்தான். எங்க பக்கத்து முறைப்படி வேரோடு அலசி அரைத்து, சின்ன நெல்லிக்காய் அளவு, மோரில் கலந்து வெறும் வயிற்றில். உப்பு, எண்ணெய் எல்லாம் நிறுத்தினோம். ஒரு வாரத்தில் குறையலை. "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம் பெரியப்பா, இலை மருந்து மெதுவாத்தான் கேட்கும்"னு நான்தான் சொன்னேன். உடம்பெல்லாம் அரிப்பு. மலம் சாம்பல் மாதிரி வெளுத்துப் போச்சு. இருபதாம் நாள் குளிர் காய்ச்சல் வந்து நடுங்கின பிறகுதான் ஆஸ்பத்திரி. ஸ்கேனில் பார்த்தால் பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கு, சீழும் பிடித்துவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கறவை மாடு இரண்டும் போச்சு. கீழாநெல்லி என்ன பண்ணும்? குழாயில் அடைத்த கல்லை அது நகர்த்தாது.

அப்போ ஊரில் இத்தனை பேருக்குக் குணமானதே, அது எப்படி? கெட்ட தண்ணீரால் வருகிற ஏ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் ஓய்விலேயே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கொடுத்த மருந்துக்குப் பேர் போய்ச் சேரும். ரத்தத்தால் பரவுகிற பி வகை அப்படியல்ல, சிலருக்கு வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். 1988இல் சென்னையின் தியாகராஜன் குழுவினரும், அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்கும் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து முதலான இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. நம்ம கூட்டங்களில் முதல் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். இரண்டாம் பாதியையும் சொல்லணும்.

கீழாநெல்லியை நான் இன்னும் விடலை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தம் கொடுத்துப் பிலிருபின், கல்லீரல் நொதிகள், ஏ, பி, சி, இ கிருமிச் சோதனை பார்த்துவிடுவது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் வழி சொல்வார்கள். என்ன வகை என்று தெரிந்த பிறகு, சித்த மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டி அளவு கேட்டுக் கொடுப்பது. மலம் வெளுத்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, ஆள் மயங்கி உளறினாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ ஒரு நாளும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கடலை போடுகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பூஞ்சணம் பிடித்த பருப்பைத் தள்ளிவிட மனசில்லாமல் செக்கில் போடுகிறோம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு அப்ளாடாக்சின், நேராகக் கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். சுத்திகரிக்காத எண்ணெயில் அது அப்படியே தங்கும், புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும் பாலுக்கும் போகும். கலகலன்னு சத்தம் கேட்கிற வரைக்கும் காயவைத்து, கறுத்ததையும் சுருங்கினதையும் பொறுக்கிப் போட்டுவிட்டு ஆட்டுங்க.

இந்த மழைக்கு முளைத்த கீழாநெல்லியில் சுத்தமான இடமாகப் பார்த்து ஒரு திட்டைக் கொத்தாமல் விட்டு, நாலு மூலைக்கும் குச்சி நட்டு வையுங்க. காய் முற்றி வெடித்து விதை அங்கேயே விழட்டும். தேவைக்குப் பிடுங்கினதை அலசி நிழலில் உலர்த்தி, பேரும் தேதியும் எழுதி வையுங்க.