தனியாக மலையேறலாமா?

களமசேரியில் எங்களோடு தங்கிப் படிக்கும் மகள் வயிற்றுப் பேரன், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் ஒரு நாள், "தாத்தா, நான் மட்டும் தனியா மலையேறிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். அவன் பாட்டி உடனே மறுத்துவிட்டாள். நான் ஒரு நாள் தவணை கேட்டேன். நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுந்திருக்கும் என்பதால், அன்று யோசித்ததை எழுதுகிறேன்.

நான் பாலக்காடு கோட்டத்தில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். மழைக்கால இரவுகளில் பேட்ரோல்மேன் பல மைல் தூரம் தனியாகவே நடப்பார். கையில் விளக்கு, தண்டவாளத்தில் வைத்தால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் பட்டாசு, கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். போய்ச் சேரும் ஸ்டேஷனில் அதில் நேரம் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். குறித்த நேரம் கடந்து கால் மணியாகியும் ஆள் வரவில்லையென்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை நிறுத்தி, எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து மெதுவாகத்தான் அனுப்புவார். ஆள் வராததே அவருக்கு ஒரு செய்தி. காட்டு மிருகங்கள் நடமாடும் இடங்களில் மட்டும் இரண்டு பேராக அனுப்புவது வழக்கம்.

இத்தனையும் தெரிந்த நான் 1984-ல் ஒரு லீவு நாளில் வாளையாறு பக்கம் ஒரு குன்றில் தனியாக ஏறினேன். இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டில் நான் லைனில் இருப்பதாக நினைத்தார்கள். லைனில் நான் வீட்டில் இருப்பதாக நினைத்தார்கள். இரு ஸ்டேஷன்காரர்களும் வண்டி மற்றவரிடம் இருப்பதாக எண்ணிக்கொண்ட கதைதான். உட்கார்ந்தும் தவழ்ந்தும் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இதை என் மனைவியிடம் பத்து வருடம் கழித்தே சொன்னேன்.

2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். நண்பர்களோடு செங்குத்தான குன்றில் ஏறிய இளைஞர், மற்றவர்கள் பாதியில் நின்றுவிட, தான் மட்டும் மேலே போய், சறுக்கிப் பாறையிடுக்கில் சிக்கினார். நாற்பது மணி நேரத்துக்கு மேல் சோறு தண்ணீர் இல்லை. ஹெலிகாப்டர் நெருங்க முடியவில்லை. ராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். ஆபத்தில் சிக்கியபோது அவர் தனியாள்தான். ஆனால் எங்கே சிக்கியிருக்கிறார் என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் ஆரன் ரால்ஸ்டன் என்பவருக்கு 2003-ல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கில் பாறை உருண்டு அவரது வலக்கை மாட்டிக்கொண்டது. போகுமிடத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாட்களுக்குப் பின் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கூட்டமாகப் போனால் பயமில்லை என்பாரும் உண்டு. 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணியில் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்கள் கூட்டமாகப் போனவர்கள்தாம்.

தனி நடையில் நன்மை இல்லாமலில்லை. கூட்டத்தில் வேகமாக நடப்பவன் மற்றவர்களை இழுப்பான். களைத்தவன் வெட்கப்பட்டு வாய் திறக்கமாட்டான். தனியாள் தன் மூச்சுக்கேற்ப நடப்பான், வேண்டாமென்றால் திரும்பிவிடுவான், கேலி செய்ய ஆளில்லை. பேச்சில்லாததால் தண்ணீர் ஓடும் சத்தமும் பறவைச் சத்தமும் காதில் விழும். ஆனால் அந்த அமைதியே யானைக் காட்டில் வினையாகும். சத்தமில்லாமல் வளைவு திரும்புகிறவன் யானைக்கு நேர் எதிரே போய் நிற்பான். அங்கே தனியாக வேண்டவே வேண்டாம். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதும் குற்றம்.

மறுநாள் பேரனிடம் சரி என்றேன், பகலில் மட்டும், யாத்திரிகர்கள் நடந்து பழகிய மலையாற்றூர் குரிசுமுடிப் பாதையில் மட்டும். ஒரு தாளில் போகும் வழி, ஏறத் தொடங்கும் நேரம், உச்சியை எட்டாவிட்டாலும் திரும்பவேண்டிய நேரம், கீழே வந்து போன் செய்யும் நேரம் எல்லாம் அவனே எழுதினான். ஐந்து மணிக்குப் போன் வராவிட்டால் அவனைக் கூப்பிடுவேன், ஐந்தேகாலுக்கு 112-ஐ அழைப்பேன் என்று நான் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதெல்லாம் எதுக்கு தாத்தா, செல்போன் இருக்கே" என்றான். மலைச்சரிவில் சிக்னல் போய்விட்டால் செல்போன் எதற்கு உதவும்?

மணி நாலு நாற்பதுக்குப் போன் வந்தது. அதற்குள் நான் எத்தனை தடவை கடிகாரம் பார்த்தேன் என்று அவன் பாட்டி எண்ணிக்கொண்டிருந்தாளாம்.