எது எங்கிருந்து வந்தது? – பச்சை மோதிரமும் மின்சாரப் பையனும்

கேள்வி: என் மகன் 'ஜஸ்டிஸ் லீக்' கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன். அதில் கிரீன் லான்டர்ன் கறுப்பினத்தவர். 2011-இல் வந்த சினிமாவிலோ வெள்ளைக்காரர். கார்ட்டூன்காரர்கள்தானே நிறத்தை மாற்றினார்கள்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லவே இல்லை. இந்தத் தப்பெண்ணத்தை ஒழிக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன். உங்கள் மகன் பார்த்த ஜான் ஸ்டூவர்ட், காமிக்ஸில் 1971-இன் கடைசியிலேயே வந்துவிட்டவர். டென்னிஸ் ஓ'நீல் எழுதினார், நீல் ஆடம்ஸ் வரைந்தார். சினிமாவில் வந்தது ஹால் ஜோர்டன், வேறு ஆள். கிரீன் லான்டர்ன் என்பது ஒரு பதவி. மோதிரம் யார் விரலில் இருக்கிறதோ அவர்தான் பதவியில் இருப்பவர். 2001-இல் கார்ட்டூன் தொடங்கியபோது ஜானைத் தேர்ந்தெடுத்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு ருசியான சங்கதி அடுத்த தெருவில் இருக்கிறது. ஜானுக்குக் குரல் கொடுத்த ஃபில் லமார், அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே 'ஸ்டாட்டிக் ஷாக்' கார்ட்டூனின் நாயகனுக்கும் பேசிக்கொண்டிருந்தார். அந்த நாயகன் ஸ்டாட்டிக், மின்சாரத்தை ஆளும் பள்ளிக்கூடப் பையன். அவன் இயற்பெயர் வர்ஜில் ஹாக்கின்ஸ். அந்தப் பெயர் ஒரு நிஜ மனிதருடையது.

ஃப்ளோரிடாவில் வர்ஜில் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1949-இல் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அப்போதே அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நிறத்தைக் காட்டி மறுத்தார்கள். வழக்குப் போட்டார். அவரை உடனே சேர்க்கும்படி 1956-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. மாநில நீதிமன்றம் அப்போதும் அசையவில்லை. 1958-இல் ஓர் ஏற்பாடு வந்தது. அவர் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், பதிலுக்கு மற்ற கறுப்பின மாணவர்களுக்குக் கதவு திறக்கும். அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டே முதல் கறுப்பின மாணவர் உள்ளே போனார். ஹாக்கின்ஸ் வேறு மாநிலத்துக்குப் போய்ச் சட்டம் படித்தார். 1976-இல், ஏறக்குறைய 70 வயதில்தான், ஃப்ளோரிடாவில் வழக்கறிஞராகும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

கறுப்பினப் படைப்பாளிகள் சேர்ந்து தொடங்கிய மைல்ஸ்டோன் காமிக்ஸ் நிறுவனம், 1993-இல் தன் மின்சாரப் பையனுக்கு இந்தப் பெயரைச் சூட்டியது. 2000-இல் அவன் கதை தொலைக்காட்சிக்கு வந்தது. சனிக்கிழமை காலையில் கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர், யாருடைய பெயர் என்று தெரியாமலேயே அதைக் கூவி அழைத்தார்கள். இதைவிடப் பெரிய சிலை எந்த முச்சந்தியிலும் கிடையாது என்பேன்.

கேள்வி: கார்ட்டூனில் முகம்தான் தெரியாதே? எந்த நிறத்தவர் குரல் கொடுத்தால் என்ன?
– வாசகர், திருச்சி

பதில்: வாருங்கள், இந்தப் பகுதியில் நான் ஓயாமல் பேசுவது குரல் கலைஞர்களைப் பற்றித்தான். 1977-இல் 'சூப்பர் ஃப்ரெண்ட்ஸ்' கார்ட்டூன் அணியில் புதியவர்கள் சிலர் சேர்ந்தார்கள். பூர்வகுடி இனத்து அப்பாச்சி சீஃபுக்குப் பேசியவர் ஒரு வெள்ளைக்காரர். ஜப்பானிய சாமுராய்க்குப் பேசியவரும் வெள்ளைக்காரர். பிளாக் வல்கனுக்கு மட்டும் பஸ்டர் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். கறுப்பினத்தவருக்குப் 'பிளாக்' என்று பெயர், பூர்வகுடிக்கு 'அப்பாச்சி', ஜப்பானியருக்கு 'சாமுராய்'. சூப்பர்மேனை யாரும் 'வெள்ளை மேன்' என்று கூப்பிடவில்லை.

நல்ல கலைஞர் யாராகவும் பேசலாம். லமாரே 'சாமுராய் ஜாக்' தொடரில் ஜப்பானிய வீரராகப் பேசி அசத்தினார். ஆனால் மைக் முன்னால் நிற்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் என் வழக்கு. 1992-இன் 'எக்ஸ்-மென்' கார்ட்டூனில் சீன வம்சாவளிப் பெண் ஜூபிலிக்குப் பேசியவர் அலிசன் கோர்ட் என்ற வெள்ளைக்காரர். 2024-இல் தொடர் மறுபடி வந்தபோது, ஆசிய வம்சாவளிக் கலைஞருக்கு அந்த வாய்ப்புப் போகட்டும் என்று அவரே விலகிக்கொண்டார். ஹாலி சோ பேசினார். அலிசன் கோர்ட்டுக்கு என் கும்பிடு.

கேள்வி: ஸ்டாட்டிக் ஏன் ஒரு தட்டின் மேல் ஏறிப் பறக்கிறான்? ஸ்கேட்போர்டு வாங்கக் காசில்லையா?
– எட்டாம் வகுப்பு மாணவர், ஈரோடு

பதில்: தம்பி, அது மடித்து முதுகுப் பையில் வைக்கக்கூடிய உலோகத் தட்டு. மின்சக்தியால் அதை மிதக்க வைக்கிறான். ஸ்கேட்போர்டுக்கு ஒரு கதை உண்டு. மைல்ஸ்டோனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ட்வெய்ன் மக்டஃபி அதற்கு முன் மார்வெலில் வேலை பார்த்தவர். அங்குள்ள கறுப்பின நாயகர்களில் கால்வாசிப் பேர் ஸ்கேட்போர்டில் திரிவதைக் கவனித்தார். ஸ்கேட்போர்டுக்காரர்களை மட்டுமே வைத்து 1989-இல் ஒரு போலிக் கதைத் திட்டம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், கொஞ்சம் வேர்த்தும் இருப்பார்கள்.

ஒரே கதையுலகில் கறுப்பின நாயகர்கள் பலர் வேண்டும் என்பதற்கு மக்டஃபி சொல்லிவந்த காரணம் எனக்கு மனப்பாடம். கதையில் ஒரே ஒரு கறுப்பினத்தவர் இருந்தால், பாவம், அவர் தலையில் மொத்த இனத்தையும் ஏற்றிவிடுவார்கள். அவர் கோபப்பட்டால் இனமே கோபக்கார இனம், திருடினால் இனமே திருட்டு இனம். பத்துப் பேர் இருந்தால் ஒவ்வொருவரும் தன் இஷ்டப்படி நல்லவராகவோ போக்கிரியாகவோ இருக்கலாம். அதனால்தான் மைல்ஸ்டோனில் பழமைவாத வழக்கறிஞராக வாழும் வேற்றுகிரகவாசி ஐகான், பள்ளி வயதிலேயே தாயாகும் ராக்கெட், முதலாளியால் ஏமாற்றப்படும் கண்டுபிடிப்பாளர் ஹார்ட்வேர் என்று ஆளுக்கொரு சுபாவம். மக்டஃபி 2011-இல், 49 வயதில் இறந்துவிட்டார். இன்னும் இருபது வருடம் எழுதியிருக்க வேண்டியவர்.

கேள்வி: ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) என்றதும் ஞாபகம் வந்தது. சுவெட்டரைத் தலை வழியாகக் கழற்றும்போது பட்பட்டென்று பொறி பறக்கிறதே, ஆபத்தா?
– வாசகி, ஊட்டி

பதில்: பயப்படாதீர்கள். செயற்கை நூல் சுவெட்டர் தலைமுடியிலும் உள்சட்டையிலும் உரசும்போது மின்னூட்டம் சேர்கிறது. குளிர்காலத்து வறண்ட காற்றில் அது கசிந்து போக வழியில்லாததால் பொறியாகத் தாவுகிறது. சென்னைக்காரர்களுக்கு இந்த வேடிக்கை அபூர்வம். காற்றிலுள்ள ஈரம் மின்னூட்டத்தைத் தேங்க விடாது. உள்ளே பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு மெதுவாகக் கழற்றுங்கள். பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் மட்டும், விளக்கை அணைத்துவிட்டு வேகமாகக் கழற்றிக் காட்டுங்கள்.