துருவை எடைபோடும் ஆய்வகம்

கேள்வி: இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை அரசுச் செலவில் எங்கே ஆராய்கிறார்கள்?
– வாசகர், குன்றத்தூர்

பதில்: காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் திறப்பு விழா. ஒரு சிற்றூருக்குத் தேசிய ஆய்வகம் வந்தது அந்தக் கொடையால்தான்.

மண்டபம் என்ற ஊரில் இந்த நிறுவனத்துக்கொரு கடலோர நிலையம் உண்டு. உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் மாதக்கணக்கில் விட்டுவைத்து, துருவை நீக்கி எடைபோடுவார்கள்; குறைந்த எடையே அரிப்பின் அளவு. கடலோரக் கட்டுமானங்களில் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறி, உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை உடைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. கடலோரப் பாலங்களுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை.