பனி ஊரில் பைனாகுலரும் புல்லாங்குழலும்

சின்னக்கானல், சூரியநெல்லி வட்டாரத்தில் வானம் பார்க்கும் ஆசையும் வாத்தியம் வாசிக்கும் ஆசையும் சேர்ந்தே இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டுக்கும் பகை ஒன்றுதான்: ஈரம்.

1. டிசம்பர் முதல் மார்ச் வரை வானத்துக்கு. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வாத்திய சாதகத்துக்கு. இடையில் ஏங்கிப் பயனில்லை.

2. எடுத்த எடுப்பில் டெலஸ்கோப் வாங்காதீர்கள். 10×50 பைனாகுலர் போதும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர். திண்ணைத் தூணில் சாய்ந்து கை ஆடாமல் பிடித்தால் வியாழனின் நிலவுகள் தெரியும். பகலில் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

3. குளிரில் கிடந்த பைனாகுலரை அப்படியே அடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும். நாளடைவில் உள்ளே பூஞ்சை படரும். வெளியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, பிறகு உள்ளே எடுத்து வாருங்கள். ஈரம் பையின் மேல்தான் படியும். சூடு சமமானதும் பிரித்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வழக்கம் வேண்டாம், தூசி ஏறும். அரிசி தேடி யானை வரும் ஊரில் அதைப் படுக்கையறையில் வைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

4. புல்லாங்குழல் குளிரில் சுருதி இறங்கும். காற்று 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் போனால் ஒலியின் வேகம் நொடிக்கு ஆறு மீட்டர் குறைகிறது. சுருதிப்பெட்டியோடு சேராமல் நிற்பது அதனால்தான். குழலைச் சால்வைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாக ஊதிச் சூடேற்றிவிட்டு வாசியுங்கள். மிருதங்கத் தோல் ஈரத்தில் தளர்ந்தால் அடுப்போரம் வைக்காதீர்கள், வெயிலிலும் காயப்போடாதீர்கள். உலர்ந்த துணி சுற்றிக் காற்றோட்டமாக வைத்தாலே போதும்.

5. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நம் ஊர் அட்சரேகையும் அதுவே. ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு முஷ்டி உயரத்தில்தான் நிற்கும். மலை மறைத்தால் விட்டுவிடுங்கள். தெற்கில் நமக்கு லாபம். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் அகத்திய நட்சத்திரம் இரண்டரை முஷ்டிக்குச் சற்று மேலே ஜொலிக்கும். மே தொடக்கத்தில் பத்து மணிக்குத் தென்சிலுவை இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும், மேகம் விட்டால்.

6. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகும். ஒரு தடவை செல்போன் பார்த்தால் அத்தனையும் வீண்.

7. 'பாட்டா, நட்சத்திரமா, ஏதாவது ஒன்றைப் பிடி' என்று வீட்டில் சொன்னால் வில்லியம் ஹெர்ஷலைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். தானே தேய்த்த கண்ணாடியில் செய்த தொலைநோக்கியால், 1781 மார்ச் 13 அன்று வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டார். கண்ணாடி தேய்க்கும்போது கையை எடுக்க முடியாது என்று தங்கை கரோலின் உணவை வாயில் ஊட்டியிருக்கிறார். அவரும் பாடகி, பின்னாளில் பல வால்மீன்களைக் கண்டவர்.

8. அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற யானைகள் இங்கேதான். தேயிலைக் காட்டுக்குள் போகாமல் முற்றத்திலேயே பாருங்கள். காதில் ஹெட்போன் கூடாது. கிளை முறியும் சத்தம் கேட்டால் பைனாகுலரோடு உள்ளே போய்விடுங்கள், ஸ்டாண்ட் வைத்திருந்தால் அதை விடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம்.