களை வெட்டும் மெஷினில் கிளட்ச் பிடிக்கவில்லையா, விடவில்லையா?

செஞ்சி, சீயமங்கலம், தேசூர் பக்கங்களில் ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைப்பவர்களுக்கு முதல் 45 நாட்கள்தான் களையோடு போராட்டம். 40 முதல் 45-ம் நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தாக வேண்டும். பிறகு விழுதுகள் மண்ணில் இறங்கத் தொடங்கிவிடும். செடியடியைக் கிளறக் கூடாது. களைக்கு ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில், தோளில் மாட்டி வேலை செய்யும் பெட்ரோல் களை வெட்டும் கருவியைப் பல சிறு விவசாயிகள் வாங்கியிருக்கிறார்கள். வரப்புப் புல்லுக்கு பிளேடு, கடலைச் சாலுக்கு நடுவே கொத்துவதற்குத் தனிப் பல் சக்கரம் என்று ஒரே மெஷினில் மாற்றி மாற்றிப் பூட்டுகிறார்கள். மண் பதமாக இருக்கும் நாலு நாளில் அந்த மெஷின் படுத்துக்கொண்டால் அந்த வருடக் களை எடுப்பே தவறிவிடுகிறது.

படுப்பதற்கு அடிக்கடி காரணமாகச் சொல்லப்படுவது கிளட்ச். விவசாயிகள் கொண்டுவரும் குறை இரண்டு விதம். ஒன்று, இன்ஜின் இரைகிறது, பிளேடு சுற்றவில்லை. இன்னொன்று, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு நிற்காமல் சுற்றுகிறது. முதலாவதில் கிளட்ச் பிடிக்கவில்லை, இரண்டாவதில் விடவில்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிராகத் தோன்றும் இந்த இரண்டும் பல மெஷின்களில் ஒரே கோளாறின் முன்பாதியும் பின்பாதியும்தான். அது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

உள்ளே என்ன இருக்கிறது?

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது முதல் நம் கிராமங்களுக்கு இந்த வகைக் கிளட்ச் பழக்கம்தான். கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி நகரும், விட்டால் இன்ஜின் மட்டும் ஓடும். நகரங்களில் பிள்ளைகள் பொழுதுபோக்காக ஓட்டும் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டிகளிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இன்ஜினின் பிளைவீலில் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு ஸ்பிரிங் உள்பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும். ஷூக்களைச் சுற்றிக் கிண்ணம் போன்ற ஒரு டிரம். பிளேடுக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் இந்த டிரம்மோடு சேர்ந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங் ஜெயிக்கிறது. ஷூ டிரம்மைத் தொடாது. வேகம் கூடினால் ராட்டினத்தில் உட்கார்ந்தவன் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மை அழுத்திப் பிடித்துச் சுழற்றும்.

கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டாலும், இந்தச் சிறு இன்ஜின்கள் சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று ஓடும். 4,000-ஐ ஒட்டிக் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும். இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஷூவை வெளியே தள்ளும் விசை வேகத்தைப் போல் அல்ல, வேகத்தின் வர்க்கத்தைப் போல் கூடுகிறது. அதில் ஸ்பிரிங்கின் இழுப்பைக் கழித்துப் பார்த்தால், 4,500 சுற்றில் டிரம்மை அழுத்துவதைவிட 6,000 சுற்றில் நான்கரை மடங்குக்கு மேல் அழுத்துகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது; பிடியோ நான்கரை மடங்கு.

அரை ஆக்ஸிலேட்டர்

பெட்ரோல் மிச்சமாகட்டும், மெஷின் திணறாமல் இருக்கட்டும் என்று பலர் ஆக்ஸிலேட்டரைப் பாதி அழுத்தி வேலை செய்கிறார்கள். மாடு பூட்டி ஓட்டிய கை, மெதுவாக ஓட்டுவதே மெஷினுக்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. இந்தக் கிளட்சுக்கு அது பொருந்தாது. பாதி வேகத்தில் ஷூ டிரம்மை லேசாகத் தொட்டு உரசிக்கொண்டே இருக்கும். கோரைப் புல்லோ கெட்டி மண்ணோ எதிர்த்து நின்றால் டிரம் நிற்கும், ஷூ தேய்ந்தபடி வழுக்கும். பிடிக்காத குறை இங்கேதான் தொடங்குகிறது.

உரசினால் சூடு. கருகிய வாடை வரும். டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் தன் முறுக்கை இழக்கிறது. முறுக்கு இழந்த ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுக்க மாட்டாது. ஆகவே இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிளேடு தானாகச் சுற்றும். சில நாள் முன்பு ‘பிடிக்கவில்லை’ என்று வந்த மெஷின் இப்போது ‘விடவில்லை’ என்று வருவது இப்படித்தான். ஷூவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே மாட்டினால் இரண்டாவது குறை நிச்சயம் வரும்.

பிளேடைப் புல்லில் வைக்கும் முன்பே வேகத்தை முழுமையாக ஏற்றிவிட வேண்டும். புல்லில் வைத்துக்கொண்டு வேகம் ஏற்றக் கூடாது. ஒரு வீச்சு முடிந்து அடுத்த வீச்சுக்கு நடக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிடலாம். கொடியோ நைலான் கயிறோ சுற்றிக்கொண்டு பிளேடு நின்றுவிட்டால் உடனே விட்டு, இன்ஜினை நிறுத்தி, பிறகே எடுக்க வேண்டும். சுற்றட்டும் என்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்திலேயே ஷூ கருகும். பல் சக்கரம் பூட்டிக் கொத்துபவர்கள் காய்ந்த மண்ணில் இறங்கவே கூடாது. மழை பெய்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் மேலாகக் கொத்த வேண்டும். ஆழம் வேண்டுமென்றால் அதற்கு இந்த மெஷின் இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் கொடுக்கும் பவர் வீடர்தான் ஏற்றது.

பிளேடு சுற்றாவிட்டால்

“கிளட்ச் போயிடுச்சு தம்பி, மாத்திக் கொடு” என்று கடையில் சொல்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இன்ஜின் ஆறிய பிறகு பிளக் மூடியைக் கழற்றிவிடுங்கள். கைக்குக் கனமான உறை போட்டுக்கொண்டு பிளேடையும் கழற்றிவிடுங்கள். இன்ஜினையும் நீண்ட குழாயையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கழற்றினால் இன்ஜின் பக்கம் ஷூக்களும், குழாய்ப் பக்கம் டிரம்மும் பிரிந்து வரும். டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மறுமுனையில் பிளேடு மாட்டும் தண்டும் சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட்டும் கியர் தலையும் நலம். குறை ஷூவிலோ இன்ஜினிலோ இருக்கிறது. டிரம் சுற்றியும் தண்டு சுற்றவில்லை என்றால் கிளட்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஷாஃப்ட்டின் முனைப் பற்களோ கியர் பற்களோ தேய்ந்துபோயிருக்கும். இந்தச் சோதனை செய்யாமல் நல்ல கிளட்சைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

அடுத்து ஷூவைப் பாருங்கள். உரசும் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். பூச்சு இருந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும். டிரம்மின் உட்புறத்தையும் அப்படியே. எண்ணெய்க் கசிவு தெரிந்தால் துடைத்துவிட்டு மாட்டுவது வீண் வேலை. இன்ஜின் பக்கத்து ஆயில் சீல் கசிகிறது என்று பொருள். அதை மாற்றாமல் எத்தனை ஷூ போட்டாலும் வழுக்கும்.

ஷூவும் நலமாக இருந்தால்? இன்ஜின் போதிய வேகம் ஏறவில்லை. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கிறதா, புகை போகும் வழியில் கரி படிந்திருக்கிறதா, ஆக்ஸிலேட்டர் கேபிள் முழுமையாக இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். செம்மண் புழுதியில் ஓடும் மெஷினின் வடிகட்டியைத் தினமும் தட்டிச் சுத்தம் செய்தாலும் தவறில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜினாக இருந்தால் பெட்ரோலில் ஆயில் கலப்பும் முக்கியம். 25-க்கு 1 என்று கம்பெனி சொன்னால் லிட்டருக்கு 40 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி. கண்ணளவில் ஊற்றி ஆயில் கூடிப்போனால் புகையும் கரியும்தான் மிச்சம். வேகம் ஏறாது, கிளட்ச் வழுக்கும். பழி கிளட்ச் மேல்.

பிளேடு நிற்காவிட்டால்

இது செலவுக் குறை அல்ல, ஆபத்துக் குறை. இன்ஜினைக் கிளப்பியதும் பிளேடு சுற்றும் மெஷினை ஒரு நாள்கூட வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. கயிறு இழுத்துக் கிளப்பும்போது பிளேடு காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிளேடு சில நொடிகள் தன் வேகத்திலேயே சுற்றி நிற்பது இயல்பு. அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் அல்ல, கார்புரேட்டரின் ஐடில் திருகு. மெஷின் அணைந்து அணைந்து போகிறது என்று யாராவது அதைக் கூட்டி வைத்திருப்பார்கள். பிளேடைக் கழற்றி வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, திருகை மெல்ல இடப்பக்கம் திருப்பி வேகத்தைக் குறையுங்கள். தண்டு நின்று, இன்ஜினும் அணையாமல் ஓடினால் வேலை முடிந்தது, செலவு ஒன்றுமில்லை. கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்ச்சி இருக்கிறதா, சோக் திரும்ப முழுமையாகத் திறக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வேகத்தைக் குறைத்தால் இன்ஜின் அணைகிறது, கூட்டினால் தண்டு சுற்றுகிறது என்றால் கிளட்சைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். கடகடவென்று சத்தமும் வந்திருக்கும். உடையாமல் சுருள்களுக்கிடையே இடைவெளி விட்டிருந்தால் முறுக்கு போய்விட்டது. இரண்டும் நலம் என்றால் டிரம்மின் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தாலோ ஆடினாலோ அதுதான் குற்றவாளி.

மாட்டும்போது

ஷூக்களை ஜோடியாக, புது ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் எடை மாறி உதறும். கழற்றும்போது வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன, ஷூ எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் குழப்பம் இல்லை. போல்ட்டை இறுக்கிய பிறகும் ஷூ கையால் இழுத்தால் விரிந்து, விட்டால் உள்ளே போக வேண்டும். இறுகி நின்றால் வாஷர் இடம் மாறியிருக்கிறது.

எண்ணெய் மட்டும் விடாதீர்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியின் கிளட்ச் எண்ணெயில் நனைந்தே வேலை செய்வது. அந்தப் பழக்கத்தில் இதற்கும் நாலு சொட்டு விட்டால் மெஷின் அன்றைக்கே வழுக்கத் தொடங்கும். இது உலர் கிளட்ச். கிரீஸ் வேண்டியது பிளேடு பக்கத்துக் கியர் தலைக்குத்தான். தவறி எண்ணெய் பட்டுவிட்டால், அடுப்பும் பீடியும் இல்லாத திறந்தவெளியில், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு மாட்டலாம்.

டிரம்மின் உள்விட்டம் 76 மி.மீ., 78 மி.மீ. என்று மெஷினுக்கு மெஷின் மாறும். 2 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மாறிப் போட்டால் ஒன்று உட்காராது, அல்லது சீக்கிரம் பிடிக்காது. உதிரிப்பாகம் வாங்கச் செஞ்சிக்கோ வந்தவாசிக்கோ பஸ் ஏறும்போது பழைய ஷூவையும் டிரம்மையும் பையில் எடுத்துப்போங்கள். கடைக்காரரிடம் மாடல் பெயர் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அங்கேயே புது ஷூவைப் பழைய டிரம்முக்குள் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. புதிதாக மாட்டியதும் முதல் அரை மணி நேரம் வரப்பு ஓரத்து இளம்புல்லில் முழு வேகத்தில் ஓட்டி, ஷூ டிரம்மோடு படிந்த பிறகு கடலைச் சாலுக்குள் இறங்கலாம்.