பங்களாவிலிருந்து வந்த மெர்குரி

கேள்வி: தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில், துரை பங்களாச் சாமான்களை விற்றபோது அப்பா ஒரு சிலை வாங்கினார். ஒன்றரை அடி உயரம். தொப்பியிலும் கணுக்காலிலும் இறக்கை, ஒற்றைக்கால் நுனியில் நிற்கும் வாலிபன். அடியில் 'எஃப். பார்பெதியென்' என்று எழுத்து. நன்றாகக் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? இது அசல்தானா?
- வாசகர், பன்வில

பதில்: புளியை அடுப்படியிலேயே வைத்துவிடுங்கள். பிராசோவும் வேண்டாம். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. பட்டறையில் ரசாயனமும் சூடும் கொடுத்து ஏற்றிய நிறம். குத்துவிளக்கைப் போல் துலக்கினால் அது போய்விடும், விலையும் விழும்.

அவர் மெர்குரி, ரோமர்களின் தேவதூதர். இந்தப் பறக்கும் நிலையைப் புகழ்பெறச் செய்தவர் ஜாம்போலோஞா. இன்று பிரான்சிலுள்ள துவேயில் 1529இல் பிறந்து, பிளாரன்ஸில் வேலை செய்த சிற்பி.

'அசலா' என்ற கேள்விக்கு நேரான பதில் கிடையாது. சுவாமிமலையில் மெழுகை உருக்கி வார்த்து, மண் அச்சை உடைத்தே சிலையை எடுப்பார்கள். ஒவ்வொன்றும் ஒற்றைப் பிறவி. பாரிஸ் வழி வேறு. பெர்டினாண்ட் பார்பெதியென் 1838இல் அஷீல் கோலாஸோடு சேர்ந்து தொழில் தொடங்கினார். பெரிய சிலையை அளவு பிசகாமல் சிறிதாக்கும் இயந்திரம் கோலாஸினுடையது. அப்படிச் சிறிதாக்கிய சிலைகளை மணல் அச்சில், உள்ளே வெறுமையாக, பல பிரதிகள் வார்த்தார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது, இது அந்தப் பட்டறையின் வார்ப்பா என்பதுதான்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். பழைய சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்தால் பெயரும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் சற்றுச் சிறுத்திருக்கும், இறகுகளும் கால் நகங்களும் மழுங்கியிருக்கும். 'கோலாஸ்' பெயர் பொறித்த வட்ட முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பீடத்தின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். பொன்மஞ்சள் தெரிந்தால் வெண்கலமாக இருக்கலாம். வெள்ளிச் சாம்பல் நிறமென்றால் மலிவான துத்தநாக வார்ப்பு.

உங்கள் பக்கத்து மழையும் பனியும் உலோகத்துக்கு ஆகாது. ஈரச் சுவரை ஒட்டி வைக்காமல், உலர்ந்த மெல்லிய துணியால் தூசி மட்டும் தட்டுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிரக் கண்டால் நீங்களாகச் சுரண்டாமல், அருங்காட்சியகப் பராமரிப்பில் பழகியவரிடம் காட்டுங்கள்.