வெள்ளறுவையும் கபனும்

இறந்தோர்க்கு உடுத்தும் ஆடையில் இருப்போரின் மனம் புலப்படும். இறந்த வீரனைக் கட்டிலிற் கிடத்தித் தூய வெள்ளாடை போர்த்தும் வழக்கினைப் புறநானூற்றின் 286ஆம் பாடலில் ஔவையார் சுட்டுகிறார். அவ்வாடையை அவர் 'அறுவை' என்கிறார். அறுக்கப்படுதலின் அறுவை, துணிக்கப்படுதலின் துணி. இஸ்லாமியரின் கபனும் அவ்வாறே அறுத்தெடுத்த எளிய வெண்துணிதான். ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. இதில் செல்வர் வறியர் என்ற வேறுபாடில்லை.

கி.பி. 634இல் மரணப் படுக்கையிலிருந்த கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் உடுத்தியிருந்த பழைய ஆடையைக் கழுவி, அதனுடன் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தமக்குக் கபனிடுமாறு கூறினார்கள். அது பழையதாயிற்றே என மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள் தயங்க, புத்தாடை உயிரோடிருப்போர்க்கே மிகுதியும் உரியது என விடையிறுத்தார்கள்.

துக்க ஆடைக்கும் எல்லை உண்டு. சங்க காலக் கைம்மை நோன்பு வாழ்நாள் முழுதும் நீண்டது. கணவனை இழந்தவள் ஒப்பனை துறந்திருக்கத் திருக்குர்ஆன் வழி அமைந்த காலமோ நான்கு மாதம் பத்து நாள். அந்த இத்தா முடிந்த பின்னும் வெள்ளைச் சேலையே உடுத்துமாறு அவளை வற்புறுத்துதல் ஊர் வழக்கமேயன்றி மார்க்கமன்று. பெரியோர்களும் மாணவர்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். புத்தாடை உயிரோடிருப்போர்க்கு உரியதெனின், கைம்பெண்ணும் உயிரோடிருப்பவளே.